எந்த ஆயில் பெஸ்ட்டுண்ணே?

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல, காபி டம்ளரைக் கையில எடுத்த நேரம் பார்த்து போன். கூட வேலை பார்க்கிற தம்பி. ரொம்ப நாள் கனவு, பழைய கார்வெட் ஒண்ணு வாங்கிட்டான். 2016 மாடல், சி7, இசட்51 பேக்கேஜ். சந்தோஷம் குரல்லயே வழியுது. ஆனா கேட்டது காரைப் பத்தி இல்லை.

"அண்ணே, ஆயில் மாத்தணும். எந்த ஆயில் பெஸ்ட்டுண்ணே?"

கேட்டுட்டு அவனே மூணு பேரையும் சொன்னான். ஒண்ணு ஜெர்மன் சரக்கு, ஒண்ணு பிரெஞ்சு, ஒண்ணு அமெரிக்கா. மூணாவது டப்பாவுல ரேஸ் கொடி படம் போட்டிருக்காம், அதனால மனசு அந்தப் பக்கம் சாயுதாம். நாலாவதா, மதுரையில ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கிற அவங்க மாமாவோட வாக்கு: "ஸ்போர்ட்ஸ் காருன்னா எஞ்சின் கொதிக்கும் மாப்ளே. நல்லா கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்து."

நான் சொன்னேன். "தம்பி, க்ளவ் பாக்ஸைத் திற. உள்ளே தடியா ஒரு புத்தகம் இருக்கும். ஆயில்னு போட்டிருக்கிற பக்கத்தைப் படிச்சிட்டு கூப்பிடு."

அவனுக்கு சப்புன்னு போயிடுச்சு. அண்ணன்கிட்ட ஏதோ ரகசியம் இருக்கும்னு நினைச்சு போன் பண்ணவன் அவன். ரகசியம் எதுவும் இல்லை. ஆனா அந்தப் பதிலுக்குப் பின்னாடி நான் தொலைச்ச ஒரு எஞ்சின் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல மாமாவுக்கு நியாயம் செஞ்சிடுவோம். "கெட்டியா இருந்தா நல்லது" என்பது வெறும் மூடநம்பிக்கை இல்லை. எங்கப்பா ஓட்டினது அம்பாசடர். அதுல ஊத்தினது 20டபிள்யூ-40. பழைய டிசைன் எஞ்சின், பாகங்களுக்கு நடுவுல தாராளமான இடைவெளி, வயசான சீல்கள். தரையில இருக்கிற எண்ணெய்க் கறையை வெச்சே வண்டி எங்க நின்னுச்சுன்னு சொல்லிடலாம். மெல்லிசான எண்ணெய் ஊத்தினா ஒழுகும், புகையும். கெட்டியா ஊத்தினா கொஞ்சம் அடங்கும். அந்தக் கால மெக்கானிக்குகள் ரெண்டு விரலுக்கு நடுவுல எண்ணெயைத் தேய்ச்சுப் பார்த்து "சத்து இருக்கு"ன்னு சொன்னதெல்லாம் அந்த எஞ்சின்களோட வாழ்ந்த அனுபவம். தப்பு அனுபவத்துல இல்லை. அதை அப்படியே தூக்கிட்டு வந்து வேற ஒரு எஞ்சின் தலையில கட்டறதுலதான் இருக்கு.

சரி, டப்பா மேல இருக்கிற எண்களுக்கு வருவோம். தெரிஞ்சவங்க ஒரு பத்தி தாண்டிடலாம்.

5டபிள்யூ-30 என்பதில் 'டபிள்யூ' என்பது வின்டர், அதாவது குளிர்காலம். முதல் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக அசைந்து கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய, இன்னும் கடுங்குளிரிலும் எஞ்சின் சுற்றும். 0டபிள்யூ எண்ணெய்க்கு அந்தச் சோதனையை மைனஸ் 35 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15-ல். இரண்டாவது எண், 100 டிகிரி சூட்டில் இருக்கிற கெட்டித்தன்மை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள் இருக்கணும். அவ்வளவுதான்.

இதுல நிறைய பேர் சறுக்குற இடம் ஒண்ணு உண்டு. "0டபிள்யூ-40-ஆ? ஐயோ, தண்ணியா இருக்குமே!" இல்லைங்க. எஞ்சின் சூடானதுக்கு அப்புறம் 0டபிள்யூ-40-ம் அப்பாவோட 20டபிள்யூ-40-ம் ஒரே வரம்புக்குள்ளதான் இருக்கு. வித்தியாசம் காலைல ஸ்டார்ட் பண்ணும்போது. "நமக்கு எதுக்கு மைனஸ் 35? பனியா பெய்யுது?"ன்னு கேக்கலாம். எஞ்சினைப் பொறுத்தவரைக்கும் 100 டிகிரிதான் வேலை செய்யிற சூடு. நமக்கு வேர்த்துக் கொட்டுற 35 டிகிரி அதுக்குக் குளிர். 40 டிகிரியில் ஒரு 20டபிள்யூ-50 எண்ணெய், 0டபிள்யூ-40-ஐ விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு கெட்டியா இருக்கும். ஸ்டார்ட் பண்ணின முதல் சில நொடிகள்ல எது சீக்கிரமா மேல ஏறி கேம் ஷாஃப்ட்டைப் போய்ச் சேரும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

டப்பா மேல பெரிசாப் போடாத இன்னொரு எண்ணும் இருக்கு. ஸ்போர்ட்ஸ் காருக்கு அதுதான் முக்கியம். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள்ள அழுத்தித் தேய்க்கிற மாதிரி தேய்ச்சு, எண்ணெய் எவ்வளவு தாக்குப் பிடிக்குதுன்னு அளக்கிறது. எச்டிஎச்எஸ் என்பார்கள். 20 கிரேடுக்குக் குறைஞ்சபட்சம் 2.6, 30-க்கு 2.9, 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 வகைகளுக்கு 3.5, 50-க்கும் 60-க்கும் 3.7. ட்ராக்கில் இருபது நிமிஷம் விரட்டினா எண்ணெய் 130 டிகிரியைத் தாண்டுறது அதிசயம் இல்லை. அப்போ கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல நிக்கிறது தலைமுடியை விட மெல்லிசான ஒரு எண்ணெய்ப் படலம். அது கிழிஞ்சா இரும்பும் இரும்பும் பேசிக்கும். அந்தப் பேச்சு நமக்கு நல்லதில்லை.

அப்படின்னா கெட்டியா ஊத்துறதுதானே பாதுகாப்பு? மாமா சொன்னது சரிதானே?

அங்கதான் விஷயமே. எண்ணெய் வெறும் வழுவழுப்புக்கு மட்டும் இல்லை. அது சூட்டைச் சுமந்துட்டுப் போகணும். அதுக்கு ஓடணும். ரொம்பக் கெட்டியா இருந்தா ஆயில் பிரஷர் மீட்டர் ஜம்முனு மேல நிக்கும், நாமளும் சந்தோஷப்படுவோம். ஆனா பிரஷர் அதிகம்னா ஓட்டம் அதிகம்னு அர்த்தமில்லை. ஒரு அளவுக்கு மேல போனா பம்ப்பில் இருக்கிற ரிலீஃப் வால்வ் திறந்து எண்ணெயைத் திருப்பி விட்டுடும். பேரிங்குக்குப் போக வேண்டியது அங்கேயே சுத்திக்கிட்டிருக்கும். இது போதாதுன்னு, இந்தக் கால எஞ்சின்கள்ல வால்வ் டைமிங்கை மாத்துறதே எண்ணெய் அழுத்தம்தான். அந்த எஞ்சின்ல எண்ணெய் ஒரு வேலையாள் மாதிரி. ஆளை மாத்தினா வேலையும் மாறும்.

இதனாலதான் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது. பிஎம்டபிள்யூ இ46 எம்3-யை எடுத்துக்குங்க. அதோட எஸ்54 எஞ்சினுக்கு ஆரம்பத்துல 5டபிள்யூ-30 சொன்னார்கள். அப்புறம் 10டபிள்யூ-60-க்கு மாறினார்கள். ஆரம்ப வருஷத்து வண்டிகள் சிலதில் கனெக்டிங் ராட் பேரிங் பிரச்சினை வந்து, கம்பெனியே வண்டிகளைக் கூப்பிட்டு பேரிங்கை மாத்திக் கொடுத்தது. கவனிங்க, பேரிங்கையும் மாத்தினார்கள், எண்ணெயையும் மாத்தினார்கள். "10டபிள்யூ-60 ஊத்தினா எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் பிழைக்கும்"னு அதுலேர்ந்து முடிவு கட்டக் கூடாது.

ஃபோர்டு மஸ்டாங்கில் 5.0 லிட்டர் வி8 எஞ்சின் 2011-ல் வந்தபோது சாதா ஜிடி மாடலுக்கு 5டபிள்யூ-20. அதே குடும்பத்து எஞ்சினைத் தீட்டி ட்ராக்குக்குன்னு 2012-ல் விட்ட பாஸ் 302-க்கு 5டபிள்யூ-50. டொயோட்டா ஜிஆர்86-க்கு 0டபிள்யூ-20. எல்லாம் ஸ்போர்ட்ஸ் கார்தான். பேரிங் இடைவெளி, பம்ப், கூலர், எந்த வேலைக்குச் செஞ்ச வண்டி, இதெல்லாம் வேற வேற. "ஸ்போர்ட்ஸ் காருக்கு பெஸ்ட் ஆயில்"னு ஒண்ணு உலகத்துலயே கிடையாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

இப்ப என் கதை.

2011-ல ஒரு ஹோண்டா எஸ்2000 வாங்கினேன். 2002 மாடல். ரெண்டே லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, 240 குதிரைசக்தி, 9000 ஆர்பிஎம் வரைக்கும் போகும். 6000 வாக்கில் விடெக் மாறும். எஞ்சினோட குரலே மாறும், பின்னால யாரோ உதைச்ச மாதிரி பாயும். அந்த மாற்றத்தைச் செய்யறதும் எண்ணெய் அழுத்தம்தான். புத்தகத்துல போட்டிருந்தது 10டபிள்யூ-30.

நான் சும்மா இருப்பனா? மூணு வாரம் ராத்திரி ராத்திரியா உக்காந்து எண்ணெய்களைப் பத்திப் படிச்சேன். அட்டவணை போட்டேன். கடைசியில புத்தகத்துல இருந்ததை விட்டுட்டு, ரேஸ் ஓட்டறவங்களுக்குன்னு செய்யிற ஒரு எண்ணெயை ஆன்லைன்ல வாங்கினேன். லிட்டர் விலையைச் சொன்னா வீட்ல இன்னிக்கும் சண்டை வரும். அந்த டப்பாவுல எந்த ஒப்புதல் முத்திரையும் கிடையாது. சுத்தமான ரேஸ் எண்ணெய்கள் பலதும் அப்படித்தான், ஓட்டி முடிச்சதும் வடிச்சிடறதுக்குன்னு செஞ்சது. அழுக்கைக் கரைக்கிற சரக்கு அதுல கம்மி. மாசக்கணக்கா ஆபீஸுக்கு ஓட்டுறதுக்கு அது ஆகாது. படிச்சேன், ஆனா இதை மட்டும் வசதியா மறந்துட்டேன்.

கலிபோர்னியாவுல பட்டன்வில்லோன்னு ஒரு ட்ராக். கோடையில அடுப்பு மாதிரி காயும். ரெண்டு நாள் அங்க விரட்டினேன். காரு பறந்துச்சு. "எல்லாம் ஆயில் மகிமை"ன்னு பார்க்கிறவங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டேன். அப்புறம் மூணு மாசம் தினமும் ஆபீஸ், வாரக் கடைசியில மலைப்பாதை.

ஒரு நாள் காலைல ஹைவேயில ஏறும்போது மிதிச்சேன். 5000, 6000, 6500... குரல் மாறலை. உதை வரலை. விடெக் வரவே இல்லை. டாஷ்போர்டுல எண்ணெய் விளக்கு எரியலை. ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் விட்டு, டிப்ஸ்டிக்கை உருவினேன். நுனியில ஒரு சொட்டு கூட ஒட்டலை.

மொத்தமே 4.8 லிட்டர் பிடிக்கிற எஞ்சின். திரும்ப அளவுக்குக் கொண்டு வர ரெண்டு லிட்டருக்குப் பக்கமா ஊத்த வேண்டியிருந்தது. 9000 வரைக்கும் சுத்துற எஞ்சின் எண்ணெய் குடிக்கும்னு அதை வெச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெய் அளவைப் பார்க்கிறதில்லை, அழுத்தத்தைத்தான் பார்க்குது, அது எரியறதுக்குள்ள பாதி கதை முடிஞ்சிருக்கும்னும் தெரியும். நீளமான வளைவுல எண்ணெய் எல்லாம் சம்ப்போட ஒரு பக்கமா ஒதுங்கும், அளவு கம்மியா இருந்தா பம்ப் காத்தை உறிஞ்சும்னும் தெரியும். அத்தனையும் தெரிஞ்ச புத்திசாலி மூணு மாசமா பானட்டைத் திறக்கலை!

ஊத்தினதும் விடெக் திரும்ப வந்துச்சு. தப்பிச்சோம்னு நினைச்சேன். அடுத்த தடவை எண்ணெயை வடிச்சப்போ வெயில்ல மினுமினுன்னு மின்னுச்சு. பேரிங்கோட பொடி. ஆறு வாரத்துல அடியிலேர்ந்து டொக் டொக்னு தட்ட ஆரம்பிச்சது. வேற எஞ்சின் தேடி வாங்கி மாட்டினேன். கூலியோட சேர்த்து ஐயாயிரம் டாலருக்கு மேல. அந்த வருஷம் டிசம்பர்ல ஊருக்குப் போறதா டிக்கெட் பார்த்து வெச்சிருந்தோம். போகலை.

அப்பாகிட்ட போன்ல ஏன் வரலைன்னு சொல்ல வேண்டியிருந்தது. விடெக், பேரிங், எச்டிஎச்எஸ்னு அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கேஜ் பாத்தியாடா?"

அப்பாவுக்கு 20டபிள்யூ-40-ல டபிள்யூன்னா என்னன்னு தெரியாது. ஆனா தினமும் காலைல வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பானட்டைத் தூக்கி, கேஜை உருவி, பனியன் வேஸ்ட்டுல துடைச்சு, திரும்ப விட்டு எடுத்து, கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்ப்பார். சின்ன வயசுல அந்த பனியன் வேஸ்ட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னது நான்தான். என்ன பதில் சொல்றது? ஒண்ணும் சொல்லலை.

அந்தச் செலவுல நான் கத்துக்கிட்டதை வரிசையாச் சொல்லிடறேன். வரிசைதான் இங்க முக்கியம்.

1. முதல்ல புத்தகம். கிரேடு மட்டும் பத்தாது, ஒப்புதல் குறியையும் பாருங்க. போர்ஷேன்னா ஏ40, பிஎம்டபிள்யூன்னா எல்எல்-01, ஜிஎம்னா டெக்ஸோஸ், இப்படி வண்டிக்கு வண்டி ஒண்ணு. டப்பாவுல "ஒப்புதல் பெற்றது"ன்னு இருக்கா, "பரிந்துரைக்கிறோம்"னு இருக்கான்னு கண்ணாடி போட்டுப் படிங்க. முதலாவது கார் கம்பெனி சொல்றது. ரெண்டாவது ஆயில் விக்கிறவர் தானே சொல்லிக்கிறது. நேரடி இன்ஜெக்‌ஷனோட டர்போவும் இருந்தா ஏபிஐ எஸ்பி இருக்கணும். குறைஞ்ச வேகத்துல மிதிக்கும்போது கலவை முன்கூட்டியே பத்திக்கிட்டு பிஸ்டனை உடைக்கிற தொல்லை ஒண்ணு அந்த எஞ்சின்களுக்கு உண்டு. அதுக்கான சோதனை 2018-ல் எஸ்என் ப்ளஸ்ஸா வந்து, 2020-ல் எஸ்பியில் சேர்ந்தது. தள்ளுபடியில கிடைக்குதேன்னு பழைய சரக்கை அள்ளாதீங்க.

2. அடுத்தது, நீங்க நிஜமா எப்படி ஓட்டறீங்க? கனவுல இல்லை, நிஜத்துல. ட்ராக்குக்குப் போனா, அதுக்குப் புத்தகம் தனியா என்ன சொல்லுதுன்னு பாருங்க. போகலைன்னா ரேஸ் கொடி போட்ட டப்பா உங்களுக்கில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போய்ட்டு வர்ற வண்டின்னா இன்னும் கவனம் வேணும். எஞ்சின் சரியா சூடாகாம நின்னா ஈரமும் பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிடும். கிலோமீட்டர் ஓடலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.

3. அளவு. ரெண்டு தடவை பெட்ரோல் போட்டா ஒரு தடவை டிப்ஸ்டிக். ட்ராக்கில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி.

4. கடைசியா பிராண்டு. மேல இருக்கிற மூணும் சரியா இருந்தா எது மலிவோ அது. "முழு சின்தெடிக்"ங்கிற வார்த்தையைப் பார்த்து மயங்க வேண்டாம். கச்சா எண்ணெயையே நல்லாப் பதப்படுத்தி எடுக்கிற மூணாம் பிரிவு எண்ணெயையும் சின்தெடிக்னு சொல்லலாமான்னு மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் அமெரிக்காவில் தகராறு வந்து, விளம்பரத் துறையோட தீர்ப்பு அமைப்பு 1999-ல் சொல்லலாம்னு தீர்த்து வெச்சது. அந்த எண்ணெய்களும் நல்ல எண்ணெய்கள்தான். ஆனா அந்த வார்த்தையை மட்டும் நம்பிக் கூடுதலா காசு கொடுக்கறதுல அர்த்தமில்லை.

இதுக்கு ஒரு எதிர்வாதம் வரும்னு தெரியும். "புத்தகத்துல மெல்லிசு எண்ணெய் போடறதே அரசாங்கத்தோட எரிபொருள் சிக்கன விதிக்காகத்தான், எஞ்சின் நல்லதுக்கு இல்லை." இதுல பாதி உண்மை. மெல்லிய எண்ணெயால் மைலேஜ் கொஞ்சம் கூடும், கம்பெனிகளுக்கு அது வேணும். ஆனா அந்த எஞ்சினை அந்த எண்ணெயை வெச்சுத்தான் டிசைன் பண்ணி, சோதிச்சு, வாரண்டியும் கொடுக்கறாங்க. தினமும் ட்ராக்கில் அடிக்கிறவர், எண்ணெயை லேபுக்கு அனுப்பி அதுல என்ன உலோகம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கிறவர், ஒரு கிரேடு கூட்டிப் போட்டா நான் எதுவும் சொல்ல மாட்டேன். அவர்கிட்ட ஆதாரம் இருக்கு. என்கிட்ட இருந்தது அட்டவணையும் ஆசையும்தான்.

தம்பி அன்னிக்கு சாயங்காலமே கூப்பிட்டான். புத்தகத்துல டெக்ஸோஸ்1 ஒப்புதலோட 5டபிள்யூ-30 போட்டிருக்கு, ட்ராக்குக்குப் போனா 15டபிள்யூ-50, ஓட்டி முடிச்சதும் திரும்ப 5டபிள்யூ-30. ஜிஎம் 2019-ல் இந்த ரெட்டை வேலையே வேண்டாம்னு ரெண்டுக்கும் சேர்த்து 0டபிள்யூ-40-க்கு மாறிடுச்சு. "ட்ராக்குக்குப் போறியா?"ன்னு கேட்டேன். "இல்லண்ணே, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு ரவுண்டு." அப்ப 5டபிள்யூ-30 போதும். அவன் சொன்ன மூணு டப்பாவையும் விட மலிவு. கொஞ்சம் ஏமாற்றமாத்தான் வாங்கினான்.

மறுவாரம் காலை ஆறு மணிக்கு மறுபடி போன். குரல் நடுங்குது. "அண்ணே, நீங்க சொன்னீங்கன்னு டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். எண்ணெயே இல்லண்ணே!"

ஒரு நொடி எனக்கும் பகீர்னுச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. இசட்51 ட்ரை சம்ப் வண்டி. எண்ணெய் எஞ்சினுக்கு அடியில நிக்காது, தனித் தொட்டியில இருக்கும். ராத்திரி நின்ன வண்டியில குளிர்ல பார்த்தா அளவு தப்பாத்தான் காட்டும். நல்லா சூடு பண்ணி, நிறுத்தி, சில நிமிஷம் விட்டுத்தான் பார்க்கணும்.

"ரெண்டு லிட்டர் ஊத்திடவாண்ணே?"

"எதையும் ஊத்தாதே. புத்தகத்தை எடு. ஆயில் பக்கத்துக்கு அடுத்த பக்கம்."

முக்கால் மணி நேரம் கழிச்சு ஒரு படம் அனுப்பினான். டிப்ஸ்டிக், குறிக்குள்ள தேன் நிறத்துல எண்ணெய். துடைக்கறதுக்கு அவன் கையில வெச்சிருந்தது ஒரு கிழிஞ்ச பழைய பனியன்.

அப்பாவுக்கு அனுப்பி வெச்சேன்.

பி.கு.: மதுரை மாமா கோவிச்சுக்கக் கூடாது. அவர் ஒர்க்‌ஷாப்ல நிக்கிற அம்பாசடருக்கு அவர் சொல்றதுதான் சரி. :-)